கழிப்பறைச் சாவி

எங்கள் பள்ளியில் ஆசிரியைகளுக்கென்று தனிக் கழிப்பறை ஒன்று உண்டு. அதன் சாவி ஸ்டாஃப் ரூமில் என் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். தொலையாமல் இருக்க, உடைந்த மர ஸ்கேல் துண்டு ஒன்றை அதில் கட்டி வைத்திருந்தோம். என் தோளை இடிக்காமல் அந்தச் சாவியை யாரும் எடுக்க முடியாது. ஆகவே யார் எடுக்கிறார்கள், யார் எடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியாது என்று நான் சாதிக்க முடியாது.

சித்தூரில் உள்ள பழைய மிஷன் பள்ளிகளில் எங்களுடையதும் ஒன்று. நான் அங்கே தமிழும் சோஷியலும் எடுக்கிறேன். சிவில் உரிமை என்றால் என்ன, மனித உரிமை என்றால் என்ன, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உதாரணத்துடன் எழுதுக. இந்தக் கேள்விக்கு என் பிள்ளைகளில் ஒருவர்கூட மார்க் இழந்ததில்லை. ஊருக்கு உபதேசம் செய்வதில் எனக்கு என்றுமே குறைவு இருந்ததில்லை.

ஒவ்வொரு டிசம்பரிலும் திருப்பதியில் ஒரு சங்கத்தார் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனித உரிமை பற்றிப் பேச்சுப் போட்டி நடத்துவார்கள். தெலுங்கு, ஆங்கிலம், தமிழ் என்று மூன்று பிரிவு. பேச்சை ஆசிரியர் எழுதித் தருவதும் பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதும்தான் எங்கள் வழக்கம். அதிலும் எங்கள் சபைப் பிள்ளைகள் ஞாயிறு பள்ளியில் மனன வசனம் சொல்லியே வளர்ந்தவர்கள். எதைக் கொடுத்தாலும் ஒரு சொல் மாறாமல் திருப்பித் தருவார்கள். எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே மூன்று எண்ணும்வரை நிறுத்த வேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக் கொடுத்தால் அதையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

வருடா வருடம் நான் ஒரே பேச்சைத்தான் கொஞ்சம் மாற்றி எழுதித் தருவேன். கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு நாட்டில் கறுப்பர்கள் பஸ்ஸில் உட்காரக் கூடாது என்று சொன்னார்கள் என்று ஆரம்பிக்கும். எங்கேயோ நடந்த அநியாயத்தைச் சொல்லி இங்கே கைதட்டு வாங்குவது மிகவும் சுலபம். யாருக்கும் வலிக்காது.

ஒரு வருடம் புத்தி மாறியது. ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில், பிள்ளைகளைத் தங்கள் வாழ்க்கையிலிருந்தே பேச விடுங்கள் என்று யாரோ சொன்னதை உண்மை என்று நம்பிக்கொண்டு வந்தேன். ஒன்பதாம் வகுப்பில், அவரவர் பேச்சை அவரவரே எழுதுங்கள் என்றேன். கேட்பவரை இணங்க வைக்கும் பேச்சுக்கு மூன்று படி என்று போர்டில் எழுதிப் போட்டேன். முதலில் கேட்பவர் உன்னை நம்ப வேண்டும். பிறகு அவர் மனசைத் தொட வேண்டும். கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை, அதுவும் சின்னதாக இருக்க வேண்டும். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் ஒரு பெண் எழுந்து தன் பேச்சைப் படித்தாள். எங்கள் பள்ளி ஆயம்மாவின் மகள். ஆயம்மா வகுப்புகளைப் பெருக்குவாள், கழிப்பறைகளைக் கழுவுவாள். வெதுருகுப்பம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் போன பிறகு மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை செய்துகொண்டிருந்தவளைச் சபையில்தான் யாரோ சொல்லி எங்கள் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்.

"எங்க அம்மா ஸ்கூல் இருக்கிற நாள்ல தண்ணி குடிக்காது" என்றுதான் அந்தப் பேச்சு ஆரம்பித்தது. காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர் டீ. அதற்கப்புறம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் தண்ணீர். ஏனென்றால் பள்ளியில் இருக்கிற எல்லாக் கழிப்பறையையும் கழுவுகிற அம்மாவுக்குப் போவதற்கு ஒரு கழிப்பறை இல்லை. இரண்டு தடவை காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டரம்மா திட்டினார். அம்மா சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். "ஞாயித்துக்கெழம கோயில்ல திருவிருந்துல டீச்சருங்களும் எங்க அம்மாவும் ஒரே கிண்ணத்துல குடிக்கிறாங்க. திங்கக்கெழம அந்தச் சாவிய எங்க அம்மா கழுவறதுக்கு மட்டும்தான் எடுக்கலாம்." கோரிக்கை ஒன்றே ஒன்று. அந்தச் சாவி.

அவள் சொன்னது அத்தனையும் எனக்குத் தெரிந்ததுதான். பிள்ளைகளின் கழிப்பறையில் ஆயம்மா போகக் கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை பேச்சு வந்தது. எங்களுடையதில் போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. இதையெல்லாம் ஒரு பெண் முகத்துக்கு நேரே படித்து முடித்தபோது எனக்கு முதலில் வந்தது பெருமை. மூன்று படியையும் எவ்வளவு அழகாகப் பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். வெட்கம் அப்புறம்தான் வந்தது.

அடுத்த வாரம் ஒத்திகை பார்க்க எச்.எம். அம்மா பேச்சு நோட்டைக் கேட்டு வாங்கினார். அவரும் எங்களைப் போலத் தமிழ்க்காரர்தான், ஆனால் கோபம் வந்தால் முதலில் தெலுங்கு வரும்.

"ஏமிடி இதி, இன்னா இது?" என்று நோட்டை என் பக்கம் தள்ளினார். "நம்ம மானத்த வாங்கறதுக்கு நாமளே பஸ் ஏத்தி அனுப்பணுமா? கிண்ணத்த வேற இழுத்துக்கினு வந்துகீறா. சபையில பெரியவங்க காதுல வுழுந்தா இன்னா ஆவும்னு ரோசன பண்ணீங்களா டீச்சர்?"

"மாத்திடச் சொல்றேம்மா" என்றேன். ஒரு நிமிஷம்கூட நான் வாதாடவில்லை.

"அவ மாத்தலன்னா ஆயம்மாவ நான் மாத்த வேண்டி வரும். நீங்களே பேசுங்க. பேசக் கத்துக் குடுக்கறவங்கதான நீங்க."

சாவியைக் கொடுத்துவிட்டால் இந்தப் பேச்சே வேண்டியதில்லை என்பது எங்கள் இருவருக்கும் அந்த அறையில் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்கலாம், நான் அதை எட்டிப் பார்க்க விடவில்லை.

அன்று கடைசி மணி அடித்த பிறகு அந்தப் பெண்ணை வகுப்பில் நிறுத்தி வைத்தேன். அவள் முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன், மேஜைக்குப் பின்னால் போகவில்லை. அதுவும் ஒரு வித்தைதான்.

"நீ என் பொண்ணு மாதிரி. உனக்குக் கெடுதல் வர்றாப்ல நான் சொல்லுவனா?" என்று ஆரம்பித்தேன். "நீ எழுதினது அம்புட்டும் நிஜம். இல்லன்னு சொல்லல. ஆனா எத எங்க சொல்றதுன்னு ஒண்ணு கீதில்ல? உங்க அம்மாவுக்கு இந்த வேல போச்சுன்னா மறுபடியும் மாங்கா ஃபேக்டரிக்குப் போய்க்கினு நாள் பூரா நின்னுக்கினு இருக்கணுமா? அது ஒடம்பு தாங்குமா? நீ கைதட்டு வாங்கிக்கினு வந்துடுவ. மறுநாள் அது இன்னா துன்னும்?"

இந்த இடத்தில் மூன்று எண்ணும்வரை நிறுத்தினேன்.

"ஒரே ஒரு பக்கம்தான். அத மட்டும் எடுத்துடு. மிச்சத்த நான் எழுதித் தரேன்."

"சரிங்க டீச்சர்" என்றாள். அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், வகுப்பில் நான் பாடம் சொல்லும்போது பார்ப்பதைப் போல. சாத்தான் வேதம் ஓதியதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அன்று நானே ஓதினேன், நன்றாகவும் ஓதினேன்.

போட்டி அன்று காலை சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆயம்மா மகளை அழைத்து வந்தாள். டப்பாவில் புளிசோறு, பெரிய பாட்டிலில் தண்ணீர். மகள் எழுதியதோ, நான் எடுக்கச் சொன்னதோ அவளுக்குத் தெரியாது. "நீங்க கூட கீறீங்கன்ற தைரியத்துலதான் டீச்சர்மா அனுப்பறேன்" என்றாள். மகளிடம், "தண்ணி நல்லா குடி. தொண்ட காஞ்சிடப் போவுது" என்றாள்.

பாகாலா தாண்டும்வரை அந்தப் பெண் உதடு அசைய மனப்பாடம் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் எழுதித் தந்த தாள் மடியில் இருந்தது. பஸ் நிறையத் திருமலைக்குப் போகிறவர்கள், கோவிந்தா என்று குரல் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். அவள் தாளைப் பார்க்கவே இல்லை என்பதை நான் கவனித்தேன். பாடம் ஆகிவிட்டது போலும் என்று நிம்மதியானேன்.

தமிழ்ப் பிரிவில் ஆறே பேர். இவள் நான்காவது. மேடையேறி வணக்கம் சொல்லி, கடலுக்கு அப்பால், கறுப்பர்கள், பஸ் என்று என் பேச்சின் முதல் பத்தியைச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் வாயசைத்து அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தேன்.

"மனித உரிமைக்கு இணங்க வைக்கும் பேச்சும் முக்கியம்" என்றாள். "அதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இது ஒரு பெரியவர் ஒரு சின்னப் பெண்ணிடம் பேசியது. அந்தப் பெண் ஒரு பக்கம் எழுதியிருந்தாள்."

அப்புறம் ஆரம்பித்தாள். நீ என் பொண்ணு மாதிரி. உனக்குக் கெடுதல் வர்றாப்ல நான் சொல்லுவனா? ஒரு சொல் விடவில்லை. என் குரலில் ஏறிய இனிப்புகூட இருந்தது. அது ஒடம்பு தாங்குமா என்று வந்தபோதுதான், அவள் அம்மாவை அவளிடமே 'அது' என்று நான் எவ்வளவு அலட்சியமாகச் சொல்லியிருக்கிறேன் என்று என் காதில் விழுந்தது. மறுநாள் அது இன்னா துன்னும் என்று சொல்லி நிறுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கூடத்தில் சிரித்தார்கள். எங்கள் ஊர்ப் பேச்சை மிமிக்ரி செய்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

"முதலில் நம்பிக்கை. பிறகு மனசு. கடைசியில் ஒரே ஒரு சின்னக் கோரிக்கை" என்று மூன்று விரலை மடக்கிக் காட்டினாள். "அந்தப் பெண் சரி என்று சொல்லிவிட்டாள். நன்றி."

முதல் பரிசு ஒரு பையனுக்கு. அவனும் கடலுக்கு அப்பால்தான் போனான், என்னைவிட நல்லதாக யாரோ எழுதித் தந்திருந்தார்கள். எங்களுக்கு ஆறுதல் சான்றிதழ். அதைக் கொடுக்கும்போது நடுவர் ஒருவர் என்னிடம் தனியாக, "நல்ல குரல் வளம் டீச்சர், நடிப்பும் வருது. ஆனா தலைப்ப விட்டு வெளிய போயிட்டா. அதுல மனித உரிமை எங்க வருது?" என்றார். நான் தலையாட்டினேன். நன்றி சார் என்றும் சொன்னேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் டப்பாவைத் திறந்து மூடியில் எனக்குப் புளிசோறு வைத்துக் கொடுத்தாள்.

"ஏம்மா அப்டி பண்ணே?" என்று கேட்டேன்.

"நீங்க எடுக்கச் சொன்ன பக்கத்த எடுத்துட்டேன் டீச்சர். அம்மாவப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உங்க பேரும் சொல்லல" என்றாள்.

அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். நானும் வேலையில் இருக்கிறவள், எனக்கும் பயம் இருக்காதா என்றெல்லாம் அவளிடம் மனசுக்குள்ளேயே வாதாடிக்கொண்டு சித்தூர்வரை வந்தேன். ஒரு வாதமும் நிற்கவில்லை.

மறுநாள் எச்.எம். அம்மா, "அந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். "எடுத்துட்டா" என்றேன். "மஞ்சிதி, நல்லது" என்று கையெழுத்துப் போடத் திரும்பிவிட்டார்.

பதினோரு மணி இருக்கும். ஸ்டாஃப் ரூமில் நான் மட்டும் இருந்தேன். ஆயம்மா பெருக்க வந்தாள். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. குனிந்து நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் நீட்டினேன். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த ஒரு வாக்கியம் இருந்தது. அது வரவில்லை. இத்தனை வருடமாகப் பேச்சு சொல்லிக் கொடுக்கிறவள், சாவியை நீட்டியபடி வாயடைத்து நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது நிமிஷம் ஆயிற்று. சொல்லாமலே புரிந்துகொண்டாள் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். இவ்வளவுதானே, முன்பே செய்திருக்கலாமே என்று நினைத்தேன்.

அவள் திரும்பி வந்தபோது புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தாள். முழங்கை வரை ஈரம். ஃபினாயில் வாசனை அவளுக்கு முன்னால் வந்தது.

"அசிங்கமா கீதுன்னு வாய் தொறந்து சொல்லக் கூச்சப்பட்டீங்க போல" என்று சாவியை என் கையில் வைத்தாள். "நல்லா தேச்சிக் கழுவிட்டேன். கால்லகூட ஒட்டாது. போய்ட்டு வாங்க டீச்சர்மா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுத்த மணிக்கு ஒன்பதாம் வகுப்பு. சாவியை எடுத்துக்கொண்டு போனேன். தரை இன்னும் ஈரமாக இருந்தது.