தர்மபுரத்துக்கு இப்பால் நின்ற கார்

காரில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். எங்களைப் பெற்ற ஐயா, சின்னண்ணன், பரந்தன் சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த முதலாளி, நான். பெரியண்ணன் வரவில்லை, வாய்க்கால் தண்ணீர் எங்கள் வயலுக்கு வரும் முறை அன்று. அம்மாவும் வரவில்லை. பெற்றோல் மணம் தலையைச் சுற்றும் என்று அவர் அந்தக் காரில் ஏறுவதே இல்லை.

முதலாளி காரை விலைக்குக் கேட்டிருந்தார். எழுநூறு ரூபா தருவதாகப் பேச்சு. நெடுந்தூரம் போனால் இடையில் நின்றுவிடும் என்பது ஊரறிந்த விஷயம், அவருக்கும் தெரியும். எவ்வளவு மோசமாக நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு முல்லைத்தீவில் ஒரு அலுவலும் இருந்தது. ஆகவே முரசுமோட்டையிலிருந்து முல்லைத்தீவு வரை ஓடிப் பார்ப்பதென்று புறப்பட்டோம்.

சின்னண்ணன் கார் ஓட்டினார். வழக்கமாக வாய் ஓயாதவர், புறப்பட்டதிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்குக் காரணம் உண்டு. குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணியைத் துண்டு போட முடியாது. ஒரு பிள்ளைக்குத்தான் எழுதலாம். அது பெரியண்ணனுக்கு. எனக்குப் படிப்பு என்று முடிவாகிவிட்டது. எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். நடுவில் நின்ற சின்னண்ணனுக்கு மிஞ்சியது அந்தக் கறுப்புக் கார். யாழ்ப்பாணத்து டாக்குத்தர் ஒருவர் ஓடிக் களைத்து விற்றது. அதை வாடகைக்கு ஓடித்தான் அவர் தன் வாழ்வை நடத்த வேண்டும். கார் போனால் அவர் பெரியண்ணனின் வயலில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

கிழட்டுக் காருக்கு நோய் ஒன்றா இரண்டா? றேடியேற்றர் ஒழுகியபோது முட்டை வெள்ளைக்கரு ஊற்றி ஓட்டையை அடைத்தோம். பொறி விழுகிற முனைகள் கரியேறினால் நெருப்புப்பெட்டியின் பக்கத்தால் சின்னண்ணன் தேய்ப்பார். இடைவெளி சரியா என்று தபாலட்டையை நுழைத்துப் பார்ப்பார். பெற்றோல் தாங்கியில் கசிவு கண்டபோது துணி தோய்க்கிற மஞ்சள் பார்ச் சவர்க்காரத்தைப் பிசைந்து அப்பினார். பெற்றோலில் சவர்க்காரம் கரையாது. அந்த அடைப்பு மாதக்கணக்காக நின்றது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்து, பரவாயில்லை, பிள்ளைக்கு மூளை இருக்கிறது என்று மெச்சினார்.

இந்த நிற்கிற நோய்தான் பிடிபடவில்லை. பரந்தனுக்குப் போய்வந்தால் ஒன்றுமில்லை. ஏழெட்டு மைல் ஓடினால் இருமி இருமி நின்றுவிடும். சின்னண்ணன் இறங்கி ஒன்றைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவார். அரை மணி நேரத்தில் கார் கிளம்பும். கடைசியாக எதைத் தொட்டாரோ அதுதான் நோய் என்று அன்றைக்கு முடிவாகும். ஒருநாள் பிளக், ஒருநாள் வயர், ஒருநாள் ஈரத்துணி சுற்றிய குழாய். கிளிநொச்சியில் கார் திருத்துகிற கராச்சுக்காரர், பெற்றோலை இழுக்கிற பம்பு செத்துப்போயிற்று என்றார். புதியது கொழும்பிலிருந்து வர வேண்டும். அவர் சொன்ன விலையைக் கேட்ட அன்றுதான் ஐயா விற்றுவிடலாம் என்று தீர்மானித்தார். வாடகைக்குப் பேசியவர்களும் நடுவழியில் இறங்கி நடந்து அலுத்துப்போய் வேறு காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தர்மபுரத்துக்கு இப்பால், இரண்டு பக்கமும் பாலைமரம் நிற்கிற இடத்தில் கார் இருமியது. பிறகு நின்றது.

“நல்ல நிழலாப் பாத்துத்தான் நிக்குது,” என்றார் முதலாளி. “அறிவுள்ள சாமான். ஆனா அண்ணை, அறுநூறுக்கு மேல நான் போகமாட்டன்.”

ஐயா சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

சின்னண்ணன் பொனற்றைத் திறந்து பம்பிலிருந்து போகும் குழாயைக் கழற்றினார். நான் முன்னால் இஞ்சினைச் சுழற்றும் கைபிடியைச் சுற்றினேன். குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. பம்பு செத்ததுதான் என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். எனக்கு வேறு வேலை தெரியாததால், பெற்றோலாவது இருக்கிறதா பார்ப்போம் என்று ஒரு குச்சியை முறித்துக்கொண்டு பின்னால் போனேன். காலையில்தான் நிரப்பியது என்று சின்னண்ணன் எரிச்சலோடு சொன்னார். நான் தாங்கியின் மூடியைத் திருகினேன். வழக்கத்துக்கு மாறாக அது இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் திருகித் திறந்தபோது ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சோடாவில் வெளியே சீறுகிற சத்தமல்ல. உள்ளே இழுக்கிற சத்தம்.

“இப்ப சுத்திப் பாருங்கோ,” என்றேன்.

சின்னண்ணன் சுற்றினார். கழற்றிய குழாயிலிருந்து பெற்றோல் பீச்சி அவர் சட்டையை நனைத்தது.

நான் ஓடிவந்து விளக்கத் தொடங்கினேன். வளிமண்டல அமுக்கம், வெற்றிடம் என்று விஞ்ஞானப் பாடத்தில் எழுதியதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். ஐயா மகன் பேசுவதைப் பெருமையோடு கேட்டார். ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சின்னண்ணன், சோதனைக்கு எழுதுற மறுமொழியை இஞ்ச சொல்லாதை, மனிசருக்கு விளங்கக் கதை என்றார்.

முதலாளிதான் காருக்குள் இருந்தபடி சொன்னார்: “என்ன தம்பி, இவ்வளவுதானே. தகரப் பால்பேணிக்கு ஒரு ஓட்டை மட்டும் போட்டாப் பால் வராது. மற்றப் பக்கமும் ஒண்டு குத்தவேணும், காத்துப் போக. உங்கட பெற்றோல் ராங்கிக்கு மற்ற ஓட்டை இல்லை.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. நாள்தோறும் கடையில் பால்பேணிக்கு இரண்டு துவாரம் குத்துகிறவர். அறுநூறு ரூபாக் காரின் நோயைத் தானே தீர்த்துவிட்டவர், முகத்தைத் திருப்பிக் காட்டைப் பார்த்தார்.

பெற்றோல் விடுகிறபோது ஒருவரும் திருப்பிப் பார்த்திராத மூடியைத் திருப்பிப் பார்த்தோம். உட்புறத்தில் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ஒரு வளையம் வடிவாகப் பொருந்தியிருந்தது. நடுவில் இருந்த ஊசித் துவாரத்தை மஞ்சள் சவர்க்காரம் அடைத்திருந்தது. சின்னண்ணன் சத்தியம் செய்தார், தான் செய்யவில்லை என்று. ஐயாவும் மூடியைத் தொட்டதில்லை. யாராக இருக்கும் என்று மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஐயாதான் முதலில் சிரித்தார்.

சரிதானா என்று உறுதிப்படுத்தச் சின்னண்ணன் விரும்பினார். மூடியை முன்போலவே இறுக்கிக்கொண்டு ஓடினோம். விசுவமடு தாண்டியதும் இருமியது. இறங்கித் திறந்தேன், உஸ்ஸென்றது, உடனே கிளம்பியது. ரியூப் வளையத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தென்னை ஈர்க்கால் சவர்க்காரத்தைக் குத்தி எடுத்தோம். அதன்பின் புதுக்குடியிருப்பும் போனது, அதற்கு அப்பாலும் போனது. இஞ்சினில் இருமலே இல்லை.

முதலாளி மெல்லத் தொண்டையைச் செருமினார். பேசினபடி எழுநூறு என்றார். சற்றுத் தூரம் போனதும் எண்ணூறு என்றார். கடற்காற்று முகத்தில் பட்டபோது, கையில காசு, தொளாயிரம் என்றார்.

நான் சின்னண்ணனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவில்லை. தொளாயிரம் ரூபா என்றால் ஐயாவுக்கு ஒரு சோடி நல்ல எருதும் ஓட்டுக்கூரையும். விற்கிற உரிமை ஐயாவுடையது. கார் வாங்கிய பணம் அவருடைய நெல்லில் வந்தது.

ஐயா வெற்றிலையை வெளியே துப்பினார். பிறகு சொன்னார்: “முதலாளி, செத்த மாடெண்டு நினைச்சுத்தான் உங்களுக்குத் தாறன் எண்டனான். இது எழும்பி நிண்டு புல்லுத் தின்னுது. இனி இதை எப்பிடி விக்கிறது? பெடியன் ஓடட்டும்.”

சின்னண்ணன் அப்போதும் திரும்பவில்லை. ஆனால் தெருவில் ஒரு ஆடுகூட இல்லாத இடத்தில் மூன்று தரம் ‘பாம் பாம்’ என்று கோண் அடித்தார்.

“எனக்கு என்ர வாய்தான் எதிரி,” என்றார் முதலாளி.

பேச்சு முறிந்தாலும் மனிதரை வழியில் விட முடியுமா? முல்லைத்தீவில் அவருடைய அலுவலை முடித்துவைத்து, சாப்பாட்டுக் கடையில் பாரைமீன் குழம்போடு சோறு வாங்கிக் கொடுத்தார் ஐயா. போதாததற்கு ஒரு கட்டுச் சுருட்டும். கடைக்கு வந்திருந்த, கரைவலை வைத்து மீன் பிடிப்பிக்கிற சம்மாட்டி ஒருவர் கார் யாருடையது என்று விசாரித்தார். அவருடைய மகளின் கலியாணத்துக்குக் கோயிலுக்குப் போக ஒரு கார் தேவையாம். இடையில நிக்குமோ என்று கேட்டார்.

“இனி நிக்காது. நீங்கள் நிப்பாட்டச் சொல்லாட்டி கடலுக்கையும் இறங்கும்,” என்றார் சின்னண்ணன். அன்று அவர் சிரித்துக்கொண்டு பேசிய முதல் பேச்சு அது.

பொழுது சாய வீட்டுக்கு வந்தோம். அம்மா கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்றார். ஐயா கேட்டதும், மூடியை அடைத்தது தான்தான் என்று தயங்காமல் ஒப்புக்கொண்டார். வெயிலில் நின்ற கார் மணத்ததாம். மூக்கை வைத்துப் பார்த்தால் மூடியில் ஒரு ஓட்டையாம். விதைப்பயற்றுப் பானையில் காற்றுப் புகாமல் சாணத்தால் மெழுகுகிறவருக்கு, காசு கொடுத்து வாங்கிய பொருள் ஓட்டை வழியே பறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அவன் கீழ ஒழுகினதுக்குச் சவர்க்காரம் பூசினவன். நான் மேல பறந்ததுக்குப் பூசினனான். அவன்ரது கெட்டித்தனம், என்ரது மட்டும் பிழையோ?”

காரைத் திருத்த எவ்வளவு போனது என்று அவர் கேட்டார். திருத்தியதற்கு ஒரு ஈர்க்கு, அதுவும் தெருவோரம் பொறுக்கியது என்றார் ஐயா. பிறகு மடியை அவிழ்த்து மிச்சத்தைப் பாயில் கொட்டி, பெற்றோல், முதலாளியின் சோறு, எங்கள் சோறு, சுருட்டு என்று விரல் மடக்கிக் கூட்டினார். எல்லாமாகச் செலவு ஒன்பது ரூபா நாற்பது சதம்.