மிதிக்கத் தயங்கிய மலை

கல்லூரி அறிவிப்புப் பலகையில் 'பழைய சிலேட்டுக் குவாரிகள் வழியாக மலை நடை' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். வாசித்ததும், பள்ளிக்கூடத்துச் சிலேட்டு செய்த தொழிற்சாலை ஏதோ ஒரு மலைமேல் இடிந்து கிடக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த சிலேட்டு ஒன்றுதான். மரச்சட்டம் போட்டது, கறுப்பானது, சந்தையில் அடுக்கி வைத்து விற்பது. அது ஒரு கல் என்பதோ, அந்தக் கல்லுக்கு ஒரு மலை இருக்கும் என்பதோ எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் நான் கணக்கு டீச்சர். உதவித்தொகையில் மேற்படிப்புக்கு மெல்பேர்ன் வந்தவள். அது எழுபதுகளின் நடுப்பகுதி. டிராமில் என் சேலையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

நடையை நடத்தியவள் எங்கள் கல்லூரியில் உடற்பயிற்சி கற்பித்த இளம் விரிவுரையாளர். வருஷக் கடைசியில் அவள் விக்டோரியா மாநிலத்தின் உயர்ந்த மலைகளுக்கு ஒரு வார நடைக்கு ஆள் கூட்டிப்போவாள். இந்தக் குவாரி நடையை முழுதாக முடிப்பவர்களுக்குத்தான் அதில் இடம். பாதியில் திரும்பினால் கிடையாது. அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், முதலில் கல்லூரி போனவள் நான், முதலில் விமானம் ஏறியவள் நான். மலையை மட்டும் இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அக்காவும் வந்தார். விஞ்ஞான ஆசிரியை; வாய் சும்மா இருக்காது.

"நீர் சேலையோடை ஏறப்போறீரோ?"

"இல்லக்கா, பேண்ட் தைச்சு வச்சிருக்கேன்."

"நல்லது. சேலை முள்ளுப் பத்தையிலை கொழுவிச்சுதெண்டால் எடுத்துவிட நான் வரமாட்டன், சொல்லிப்போட்டன்."

ரயிலில் போய், பேருந்து மாறி, அடிவாரத்தில் இறங்கினோம். முதலில் யூகலிப்டஸ் காடு. பட்டை உரிந்து தொங்கும் மரங்கள், காய்ந்த ஓடை, காலடியில் நொறுங்கும் சருகு. விரிவுரையாளர் முன்னால் நடந்துகொண்டே பேசினாள். இந்த மலையை வெட்டியவர்கள் வேல்ஸ் நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர்களாம். அவளுடைய பாட்டனார் அவர்களில் ஒருவர். அவர் பிறந்த ஊர் மலைகளில் போன வருஷம் அவளே நடந்துவிட்டு வந்திருந்தாள். "இது அதற்குக் குழந்தை. அங்கே ஊருக்குப் பின்னால் நிற்கிற மலைகள் எல்லாமே வெட்டிக் கொட்டியவை" என்றாள். நான் தலையாட்டினேனே தவிர, வெட்டிக் கொட்டிய மலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

காடு சட்டென்று முடிந்தது.

எதிரே மலைச்சரிவு முழுக்கச் சிலேட்டு, குவாரிக்காரர்கள் கழித்துக் கொட்டியது. உலகத்தில் உள்ள பள்ளிக்கூடங்கள் அனைத்தும் ஒரே நாளில் தங்கள் சிலேட்டுகளை இங்கே கொண்டுவந்து கவிழ்த்ததுபோல உச்சியிலிருந்து பள்ளத்தாக்குவரை வழிந்து கிடந்தது. காலையில் பெய்த தூறலில் நனைந்து கருநீலமாக, சில இடங்களில் கத்தரிக்காய் நிறமாக மின்னியது. எங்கோ மேலே ஒரு துண்டு நழுவியது. பீங்கான் தட்டுகள் உரசுகிற சத்தம் சரிவு நெடுகிலும் இறங்கி வந்து அடங்கியது. நான் வாய் திறந்து நின்றேன். கையகலப் பலகையில் நான் 'அ' எழுதினேனே, அது இந்த மாதிரி ஒன்றின் வயிற்றிலிருந்து வந்ததா?

வழி அந்தக் குவியலின் குறுக்கே போனது. முன்னால் போனவர்கள் சரசரவென்று மிதித்துக்கொண்டு கடந்தார்கள். நான் காலைத் தூக்கினேன். கால் இறங்கவில்லை.

சின்ன வயதில் ஒருநாள் என் கால் சிலேட்டில் பட்டுவிட்டது. அம்மா முதுகில் ஒன்று வைத்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றச் சொன்னாள். அம்மாவுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. படித்தவர்கள் வீட்டில் செய்தித்தாளின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பிற்பாடு பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் மளிகை சுற்றிவந்த காகிதத்தைக்கூடத் தாண்ட மாட்டார்கள்.

"என்ன, கால் மரத்துப்போச்சோ?" அக்கா பின்னாலிருந்து கேட்டார்.

"சிலேட்டுக்கா. எப்படி மிதிக்கிறது?"

அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். அவரும் தன் காலைப் பார்த்தார். "அட, ஓம். ஆனால் இது எழுதாத சிலேட்டெல்லோ. எழுதினதிலைதான் படக்கூடாது."

"எழுதாத நோட்டை மிதிப்பீங்களா?"

"அதுவும் ஏலாதுதான்." கொஞ்சம் யோசித்தார். "மெல்பேர்ன் வீட்டுக் கூரையளிலை இதைத்தானே போட்டிருக்கிறாங்கள். காகம் எச்சம் போடுது. சரஸ்வதி ஒண்டும் சொல்லேல்லையே."

"காகம் பள்ளிக்கூடம் போகலைக்கா."

விரிவுரையாளர் திரும்பி வந்தாள். நான் ஒற்றைக்காலில் தடுமாறி நின்ற கோலத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் கேட்டாள். "சரிவைக் கண்டு பயமா? சொன்னால் தப்பில்லை. நீங்கள் இருவரும் இறங்கிப் பேருந்து நிறுத்தத்தில் இருங்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அடுத்த வருஷம் நான் இங்கே இருக்கப்போவதில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. "பயம் இல்லை, மரியாதை" என்றேன். எங்கள் நாட்டில் குழந்தைகள் இதில்தான் எழுதப் பழகுவார்கள், கால் படக்கூடாது என்றேன். ஆங்கிலத்தில் சொன்னபோது அது எனக்கே கொஞ்சம் விநோதமாகக் கேட்டது. சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

அவள் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு தடித்த துண்டை எடுத்து, பேனாக்கத்தியை விளிம்பில் வைத்து இன்னொரு கல்லால் மெதுவாகத் தட்டினாள். துண்டு புத்தகம்போலத் திறந்துகொண்டது. உள்ளே இரண்டு பக்கமும் வழவழப்பான ஈரநீலம்.

"இந்தப் பக்கத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை" என்று என் கையில் கொடுத்தாள்.

என் உடம்பு சிலிர்த்தது. கடலடியில் சேறாகப் படிந்து, இறுகி, மலையாக எழும்பி, எத்தனையோ கோடி வருஷம் இருட்டில் மூடிக் கிடந்த பக்கம். அதன்மேல் விழுந்த முதல் பார்வைகளில் ஒன்று, கைநாட்டு வைப்பவர்களின் மகளுடையது. பெருமையும் பயமும் ஒன்றாக வந்தன.

"உ போட்டுட்டு நடவும். பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார்" என்றார் அக்கா.

அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் ஒரு கூரான சில்லை எடுத்து அந்த நீலத்தில் 'உ' என்று கீறினேன். வெள்ளையாக, அழகாக விழுந்தது. கண்ணில் ஒற்றி, மரத்தடியில் சாய்த்து வைத்தேன்.

"என்ன எழுதினாள்?" விரிவுரையாளர் அக்காவைக் கேட்டாள்.

"அனுமதி கேட்டிருக்கிறாள்."

"கிடைத்ததா?"

நான் காலை வைத்தேன். கல் கணீரென்றது. அடுத்த அடிக்கு வேறொரு சுருதி. சில துண்டுகள் ஆடின, சில நழுவின. குவியல் முழுவதும் என் எடையை அறிந்துகொண்டதுபோலக் கீழே எங்கோ முணுமுணுத்தது. நடுவழியில் அக்கா சறுக்கி உட்கார்ந்து, "நான் கும்பிடேல்லை, அதுதான்" என்று தமிழில் முனகினார். கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

மேலே ஏறியதும் குழி. மலையின் உட்புறத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். சுவர்கள் செங்குத்தாக இறங்கின. ஏடு ஏடாக வரி. அடியில் பச்சைத் தண்ணீர் அசையாமல் நின்றது. அதன்மேல் ஒரு கழுகு வட்டமிட்டது. கழுகின் முதுகை நான் மேலிருந்து பார்த்தேன். கையுளியும் வெடிமருந்தும் கொண்டு மனிதர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். பேசிக்கொண்டே வந்த கூட்டம் தானாக வாயை மூடிக்கொண்டது. அக்காகூட.

வெகுநேரம் கழித்து விரிவுரையாளர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உன் கால் அளவு என்ன?"

"நாலு."

"மலை நடைக் குழுவிடம் இருக்கிற பூட்ஸில் சின்னதே ஐந்துதான்" என்றாள். "கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கி வைத்துக்கொள். வருஷக் கடைசியிலும் அந்த உயரத்தில் குளிரும்."