ராஜாமணி அக்காவின் பூச்சாட்டுக் காலண்டர்

திங்கட்கிழமை காலை போன் வந்தபோது வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: பூஜை முடித்து எழுந்த நான், பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் மாமியார். பேசியது ராஜாமணி அக்காவின் மகன். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க." மாமியார் கைகூப்பினார். "நோகாம கூட்டிக்கிட்டா மாரியாத்தா."

பள்ளிபாளையத்தில் எங்கள் பட்டறையில் துண்டு மடிக்கும் உங்கள் எல்லோருக்கும் அக்காதான் மேற்பார்வை. லீவுக் காலண்டர் எப்படி வந்தது என்று உங்களில் புதியவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒருமுறை மடிக்க வரும் தெய்வானை வயிற்றுவலி என்று மூன்று நாள் வரவில்லை. "வேலைய உட்டு நிறுத்திப்போடுங்க" என்றார் முதலாளியான என் வீட்டுக்காரர். அக்கா பஸ் ஏறி அவள் ஊருக்கே போனார். அங்கே மாரியம்மன் நோம்பித் திருவிழா! திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னார்:

"வவுத்துவலிக்காரி என்ற கண்ணு முன்னால நாலு வெல்லக் கச்சாயம் தின்னாளுங்க மொதலாளி. எனக்கும் ரெண்டு குடுத்தா."

"அப்பறம் என்ன, திட்டுனீங்களா?"

"வாயில கச்சாயம் இருக்கறப்ப எப்படிங்க திட்டறது? பொய் சொல்ல வெச்சது நாமதானுங்க. நோம்பின்னு கேட்டா எப்பங்க லீவு குடுத்திருக்கறோம்?"

அன்றே அக்கா ஒரு காலண்டர் வாங்கினார். ஊர்க் கோயிலில் செவ்வாய்க்கிழமை பூச்சாட்டி நோம்பி தொடங்கியதும் அவரவர் வந்து சொல்ல வேண்டும். அதிலிருந்து பதினைந்து நாள் கழித்துக் கோயில் பொங்கல். அதையொட்டி அந்த ஊர்க்காரர்களுக்கு லீவு. அக்காவுக்கு எழுத வராது. ஐந்தாவதோடு நின்று, வீட்டுக் கணக்கு எழுதி எழுதியே எழுத்துப் பழகியவள் நான். என்னிடம் வந்து, "நீ எழுது சாமி, நான் சொல்றேன்" என்பார்.

அக்காவும் ஒருமுறை தப்புச் செய்தார். இரண்டு ஊருக்கும் ஒரே புதன்கிழமை பொங்கல் என்று பார்க்காமல் எல்லோருக்கும் சரி சொல்லிவிட்டார். மடிக்க ஆளே இல்லை. "குடுத்த வாக்கை மாத்த மாட்டனுங்க" என்று தானே உட்கார்ந்தார். முதலாளியையும் உட்கார வைத்தார். முதலாளி மடித்ததை அக்கா தூக்கிப் பார்த்து, "இதைத் தலகாணின்னுதானுங்க விக்கோணும்" என்றார். மறுநாள் நீங்கள் கொண்டுவந்த மாவிளக்கு மாவை முதலாளிதான் அதிகம் தின்றார். அதன்பிறகு பட்டறையில் யாருக்கும் பொய்யாக வயிற்றுவலி வந்ததில்லை.

இப்போது என் வீட்டுக்காரர், "அக்கா இல்லாம இதை யாரு பாக்கறது? இனிமேல் எல்லாருக்கும் ஒரே நாள் லீவுதான்" என்கிறார். "நான் பாக்கறனுங்க" என்றேன். இந்த வெள்ளிக்கிழமைக்குள் காலண்டரை நிரப்பிக் காட்டினால் சரி என்றிருக்கிறார். காலண்டரைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். ஆளைத் திட்டுவதற்கு முன்னால் அவள் ஊருக்குப் பஸ் ஏறுகிற அக்காவின் பழக்கத்தையும் எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. உங்கள் ஊரில் பூச்சாட்டு எந்தச் செவ்வாய்க்கிழமை? வியாழன் மாலைக்குள் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.