பூவரசடியில் கொட்டிய மாத்திரைகள்

அன்பான சபையாரே, ஒரே நோயைப் பற்றி இரண்டாவது முறையாக உங்கள் முன் நிற்கிறேன். போன தடவை நான் சொன்ன சாட்சியில் ஒரு பொய் இருந்தது. அதைச் சொல்லாமல் ஆண்டவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாயில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் எனக்குக் காசநோய் என்று தென்காசியில் டாக்டர் சொன்னார். வகுப்பில் என் அதட்டலுக்குப் பிள்ளைகள் நடுங்குவார்கள். அன்று நான் நடுங்கினேன். தினமும் ஒரு ஊசி, கூடவே கை நிறைய மாத்திரை என்றார்கள். ஊசி வலித்தது; அதனால் அதுதான் மருந்து என்று நம்பினேன். நம்ம ஊரில் ஊசி போடாதவரை டாக்டர் என்று யார் சேர்ப்பார்கள்? மாத்திரையோ வாயில் வைத்தாலே குமட்டும். சோறு இறங்காது. இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு முழுங்கினேன். அப்புறம் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் கொல்லையில் பூவரசு மரத்தடியில் குழி தோண்டிக் கொட்டி மூடிவிடுவேன்.

மூன்று மாதத்தில் இருமல் நின்றது. உடம்பு தேறியது. ஊசியையும் நிறுத்தினேன். உங்கள் முன் இதே இடத்தில் நின்று, "விசுவாசத்தோடு மருந்தைத் தூர எறிந்தேன், சுகமானேன்" என்றேன். எல்லாரும் அழுதீர்கள். குமட்டலுக்குப் பயந்து கொட்டியதை விசுவாசம் என்று சொன்ன வாய் இது.

ஆனி மாதம் சாரல் விழுந்தது. நன்றியாக இருக்கட்டும் என்று குற்றாலத்துக்குப் போனோம். அருவியில் பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. கையில் ரத்தம். அடுத்த நொடி தண்ணீர் அதைக் கழுவிவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவ்வளவு தண்ணீருக்கு நடுவில் என் நாக்கு வறண்டுபோனது.

மறுபடியும் ஊசி; மாத்திரை பழையபடி பூவரசடிக்கே போனது. ஒரு மாதம் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. எலும்புதான் மிச்சம். ஒருநாள் டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "டீச்சர், உள்ளதச் சொல்லுங்க. மாத்திரய முழுங்கினீங்களா, இல்லையா?"

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல், "இல்ல டாக்டர்" என்றேன்.

"ரெண்டு மருந்தும் சேந்து அடிச்சாத்தான் அந்தக் கிருமி சாகும். ஒண்ண மட்டும் குடுத்தா, அதுக்குத் தாக்குப்பிடிக்கது மிஞ்சிப் பெருகிரும். இனி இந்த ஊசி உங்களுக்குப் பச்சத்தண்ணி."

சென்னையில் வெளிநாட்டு டாக்டர்களும் நம் டாக்டர்களும் சேர்ந்து இதைத்தான் ஆராய்கிறார்களாம். என் சளியை அங்கே அனுப்பினார். முட்டை கலந்த பண்டத்தில் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பார்களாம். இரண்டு மாதம் ஆகும். எதற்கும் சாகாவிட்டால்?

வீடு வந்ததும் வாசலில் என் வீட்டுக்காரர் சொன்னது ஒன்றுதான்: "ஏட்டி, எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா."

அந்த இரண்டு மாதமும் நரகம். அவர் தினமும் ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டு வருவார். தெருமுனையில் திரும்பும்போதே அவர் முகத்தைப் பார்ப்பேன்.

அப்போதுதான் செல்லத்தாய் வந்தாள். மேலத்தெருவில் பீடி சுற்றுகிறவள், உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் இதே நோய். வாசலில் நின்று இருமினாள்.

"டீச்சர், நீங்க சாட்சி சொன்னதக் கேட்டு நானும் ஊசி, மாத்திர எல்லாத்தயும் நிறுத்திட்டேன். இப்பத் திரும்பவும் ரத்தம் வருது. எனக்கு விசுவாசம் பத்தலையோ டீச்சர்?"

ஐயோ, அந்தக் கேள்வி! கிருமியைவிட என் பொய் வேகமாகப் பரவியிருந்தது. அவளை உட்காரவைத்துப் பூவரசடியைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். "அடப் பாவி டீச்சர்!" என்றாள். வேறென்ன சொல்வாள்? அவளை அன்றே டாக்டரிடம் அனுப்பினேன். வீட்டுக்குள் வந்து முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, என் வாயால் அவள் சாகக் கூடாது. எனக்கும் ஒரே ஒரு மருந்தையாவது மிச்சம் வையும்" என்று கதறினேன். அதுவரை செய்ததெல்லாம் ஜெபமே இல்லை.

புரட்டாசியில் கடிதம் வந்தது. ஊசி எனக்குப் பயனில்லை என்று எழுதியிருந்தது. டாக்டர் அடுத்த வரியைப் படித்தார். ஒரு புது மாத்திரை கேட்கும். கூடவே இன்னொன்றும் கேட்கும்: நான் குழி தோண்டிக் கொட்டினேனே, அதே மாத்திரை! நான் வெறுத்து மண்ணில் புதைத்ததை ஆண்டவர் எனக்காக மிச்சம் வைத்திருந்தார். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் ஓவென்று அழுதேன். செல்லத்தாய் ஊசி, மாத்திரை இரண்டையும் ஒன்றாக நிறுத்தியதால், கிருமி எதற்கும் பழகாமல் அவளுக்குப் பழைய மருந்துகளே கேட்டன.

முழுதாக ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஒருநாள் விடவில்லை. தினமும் காலையில் செல்லத்தாய் வருவாள். பூவரசடியில் உட்கார்ந்து, ஒருத்தி முழுங்கியதை இன்னொருத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். "நாக்கத் தூக்குங்க டீச்சர், உங்கள நம்ப முடியாது" என்பாள். போன மாதம் இரண்டு பேர் சளியிலும் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. ஸ்தோத்திரம்!

சபையாரே, ஜெபியுங்கள், மருந்தையும் கடைசி நாள்வரை முழுங்குங்கள். இரண்டையும் தருகிறவர் ஒருவரே. உங்களில் யாராவது மாத்திரையை ஒளித்து வைத்திருந்தால் வெட்கப்படாமல் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். குமட்டினால் தொட்டுக்கொள்ளப் புளியங்குடி எலுமிச்சை ஊறுகாய் வைத்திருக்கிறேன். பூவரசடியில் இப்போது இரண்டு முக்காலி கிடக்கிறது. மூன்றாவதும் போடலாம்.