கெலமங்கலம் மேடும் ஒரு கிளட்ச் பிளேட்டும்

“இதே ரூட்டுல, இதே மாதிரி, இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவீங்க மேடம்?”

போன சனிக்கிழமை மெக்கானிக் மஞ்சு கேட்டது. இதை எழுதும் இந்த நிமிஷம் வரை என்னிடம் பதில் இல்லை. மூக்கண்டப்பள்ளியில் அவருடைய ஷெட்டில் என் கார், கியர்பாக்ஸ் கழற்றப்பட்டு, லிஃப்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நான் வாயைத் திறந்தால்தான் அது கீழே இறங்கும்.

சாதாரணக் கேள்விதானே? காருக்குக் கிளட்சும் ஃப்ளைவீலும் மாற்ற வேண்டும். எதைப் போடுவது என்று முடிவு செய்ய அவருக்கு இந்த ஒரு விவரம் தேவை. இரண்டு வருஷமா, எட்டு வருஷமா? சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே?

முடியவில்லை. ஓசூர்க் குளிரில் இட்லி மாவு புளிக்காத என் சோகத்துக்கு அத்தனை வைத்தியம் எழுதி அனுப்பியவர்கள் நீங்கள். அந்த தைரியத்தில் இதையும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு ஏற்பாடு பற்றி முன்பே அங்கங்கே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக — எனக்கு வேலை ஓசூர்த் தொழிற்பேட்டையில், உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தர ஆய்வுப் பிரிவில். காலை ஆறு மணி ஷிஃப்ட். கணவர் அருளுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், பொம்மசந்திராவில் வேலை. அவருடைய கம்பெனி பஸ் ஐந்தரைக்கே வந்துவிடும். எங்கள் மகள் ஜெனிக்கு மூன்றரை வயது. அவள் இருப்பது கெலமங்கலத்தில், என் ரோஸி அக்கா வீட்டில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களோடு.

எங்களோடு வைத்துப் பார்க்காமல் இல்லை. ஒரு மாதம் பார்த்தோம். விடியும் முன்னே, தூங்குகிற குழந்தையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு போய் யார் வீட்டிலாவது விடுவது... சளி, காய்ச்சல், மறுபடி சளி. அக்காதான் வந்து, “இப்போதைக்கு எங்கிட்ட விடுடி, அப்புறம் பாத்துக்கலாம்” என்று தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த ‘இப்போதைக்கு’ ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு கெலமங்கலம் போவேன். ஜெனியோடு சாப்பாடு, குளியல், கதை. இருட்டும் நேரத்தில் திரும்புவேன். செகண்ட் ஹாண்டில் வாங்கிய டீசல் கார். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை அது ஓடவில்லை. போகும் வழியில் ஒரு ஏற்றம். ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கருகல் வாசனை வேறு. பின்னால் தக்காளி ஏற்றிய டெம்போ. டிரைவர் இறங்கி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“ஏமக்கா, கிளட்ச் போயிந்தா?” என்றார் தெலுங்கில். மூக்கைச் சுருக்கி ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, தமிழுக்கு மாறி, “போயே போச்சுக்கா. ஓரமா தள்ளிரலாம், வாங்க” என்றார். என் மகளைப் பார்க்க முடியாத அந்த முதல் சாயங்காலம் தக்காளி வாசனையோடு முடிந்தது.

சனிக்கிழமை அருளும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். மஞ்சு கழற்றிய சாமான்களை ஒரு ஸ்டூலில் வரிசையாக வைத்திருந்தார். வட்டமான கிளட்ச் பிளேட், காகிதம் மாதிரி தேய்ந்துபோய். அந்த பிளேட் போய் ஒட்டிக்கொள்கிற கனமான இரும்புச் சக்கரம்தான் ஃப்ளைவீல். அதன் முகத்தில் நீல நீலமாகத் திட்டுகள்.

இரும்பு நீலமாவது எப்போது என்று எனக்குத் தெரியாதா? தினமும் அதைப் பார்த்து ரிஜக்ட் செய்வதுதானே என் பிழைப்பு. அளவுக்கு மீறிய சூடு. ஆனாலும் முதலில் வாயில் வந்தது, “இவர்தான்... அத்திப்பள்ளி டிராஃபிக்ல...” என்பதுதான்.

“அம்மா தாயே! நான் போறது கம்பெனி பஸ்ல,” என்றார் அருள். “வண்டிய நான் தொடுறதே ஞாயித்துக்கிழமைதான். அதுவும் கழுவுறதுக்கு.”

மஞ்சு சிரித்துவிட்டார். “டிராஃபிக் தேய்மானம் இப்படி இருக்காது மேடம். இது மேட்டுல வண்டிய நிக்க வெச்சு, பிரேக் போடாம, ஹாஃப் கிளட்ச்சுலயே புடிச்சு வெச்சது. தினமும் ஒரே மாதிரி. மேட்டுல நின்னு யார்கூடயாச்சும் பேசிட்டிருப்பீங்களா?”

“இல்லையே” என்றேன், உடனே.

பொய் இல்லை. பேசுவதில்லைதான்.

அக்கா வீட்டு வாசலிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் சந்து மேடாக ஏறும். கிளம்பும்போது ஜெனியின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போடுவேன். அவள் பதிலுக்கு எனக்குப் போடுவாள். பிறகு கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் காரை நகர்த்துவேன். நகர்த்திய பத்தடியில், உதடு பிதுங்கி அழத் தயாராகும் அவள் முகம் கண்ணாடியில் தெரியும்.

அங்கேதான் பிரச்சினை. போய்விட எனக்கு மனசு வராது. ஆனால் ஹேண்ட்பிரேக் போட்டால் ‘கர்ர்’ரென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் அம்மா இறங்குவாள் என்று அவளுக்குத் தெரியும். கால் பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு லைட் எரியும். சிவப்பு எரிந்தால் அம்மா நிற்கிறாள் என்பதும் தெரியும். இரண்டில் எது நடந்தாலும் கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வருவாள். அதற்கப்புறம் அவளைப் பிரித்தெடுத்துக் கிளம்ப... வேண்டாம், ஒரு முறை நடந்தது, போதும்.

அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பிரேக் இல்லை. ஹேண்ட்பிரேக் இல்லை. முதல் கியர், கிளட்ச் பாதி, ஆக்சிலேட்டர் கொஞ்சம். மேட்டில் கார் போகவும் போகாது, பின்னால் இறங்கவும் இறங்காது. அம்மா போய்க்கொண்டிருப்பது மாதிரியே இருக்கும். அக்கா வந்து அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிற வரைக்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நிற்பேன். மூன்று நிமிஷம். சில நாள் ஐந்து. பிளேட்டும் சக்கரமும் அத்தனை நேரமும் ஒன்றோடு ஒன்று உரசிச் சூடாகிக்கொண்டிருக்கும் என்பது எனக்கு — தர ஆய்வுப் பிரிவில் ஒன்பது வருஷம் இருக்கிறவளுக்கு — தோன்றவே இல்லை.

சரி, இப்போது என்ன போடுவது?

மஞ்சு பொறுமையாக விளக்கினார். என் காரில் வந்தது ட்யூயல் மாஸ் ஃப்ளைவீல். இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் ஸ்பிரிங் வைத்துச் சேர்த்தது. டீசல் எஞ்சினின் உதறலையெல்லாம் அந்த ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். வண்டி அலுங்காது, பெடலும் மெத்தென்று இருக்கும். ஆனால் விலை அதிகம், சூடும் தாங்காது. “உங்க ஓட்டத்துக்கு ரெண்டு வருஷம் வந்தா பெருசு மேடம்.”

இன்னொன்று சாலிட் ஃப்ளைவீல். ஒரே இரும்பு. எதையும் தாங்கும். முகம் தேய்ந்தாலும் கடைசல் பிடித்து மறுபடி மாட்டலாம். “ஆனா சிக்னல்ல நிக்கும்போது வண்டி உதறும். ஸ்டீயரிங் நடுங்கும், கியர்பாக்ஸ்ல கடகடங்கும். பெடலும் கொஞ்சம் இறுக்கமா இருக்கும். பழகிக்கணும். பழகிட்டா எட்டு வருஷம் கேக்க வேணாம்.”

“பிளேட்டை மட்டும் மாத்தினா?” என்றேன் நைசாக.

“இப்போதைக்கு ஓடும். அந்த நீல இடம் புது பிளேட்டையும் தின்னுரும். மறுபடி கியர்பாக்ஸ் எறக்கணும், மறுபடி கூலி. சும்னே எதுக்கு மேடம்?”

எங்கள் கன்னடக் கலப்புத் தமிழில் ‘சும்னே’ என்றால் சும்மா, வீணாக. அவர் சொன்ன இன்னொரு வார்த்தைதான் எனக்குச் சுருக்கென்றது. இப்போதைக்கு.

அருள் யோசிக்கவே இல்லை. “சாலிடே போட்டுருங்க. எட்டு வருஷம் கவலை இல்ல.”

“எட்டு வருஷமா? அப்போ ஜெனி அங்கயே இருக்கட்டும்ங்கிறீங்களா? பதினொண்ணரை வயசு ஆயிடும் அவளுக்கு!”

அருள் திகைத்துப் போனார். “நான் ஃப்ளைவீலைச் சொன்னேன்மா...”

மஞ்சு அவசரமாக ஒரு ஸ்பேனரைத் தேடப் போய்விட்டார். திரும்பி வந்துதான், தரையைப் பார்த்துக்கொண்டு, அந்த முதல் கேள்வியைக் கேட்டார். எத்தனை வருஷம் மேடம்?

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். காரிலிருந்த என் சாமான்களை எடுத்துக் கொடுத்தார் — குடை, தண்ணீர் பாட்டில், பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஜெனியின் ஒற்றைச் செருப்பு. அது இப்போது எங்கள் வீட்டு வாசலில், எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடுத்து வைக்கவும் தோன்றவில்லை, அப்படியே விடவும் முடியவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து பஸ்.

பஸ்ஸில் ஒரு வசதி... அல்லது அநியாயம். அதற்கு ஹாஃப் கிளட்ச் கிடையாது. கெலமங்கலத்தில் அக்கா, ஜெனியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டாப் வரைக்கும் வந்தாள். ஒருவர் நெற்றியில் ஒருவர் சிலுவை போட்டு முடிப்பதற்குள் கண்டக்டர் விசில். “ஏறும்மா ஏறு, வீட்டுக்குப் போய் கொஞ்சு!” ஏறிவிட்டேன். பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன், அவள் அழப்போகும் முகத்தைப் பார்க்க.

அவள் அழவில்லை.

கை காட்டினாள். “டாட்டா ம்மா!” என்றாள். பிறகு, ரோட்டைக் கடந்து ஓடிய ஒரு கோழியைப் பார்த்து, “பெரீம்மா, கோடி! கோடி!” என்று தெலுங்கில் கத்தி, அக்காவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். பஸ் வளைவு திரும்புவதற்குள் எனக்கு முதுகைக் காட்டிவிட்டாள்.

செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே.

அப்படியானால் ஒன்றரை வருஷமாக அந்த மேட்டில் நான் யாருக்காக நின்றேன்? அவள் அழாமல் இருக்க என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை அழவைத்ததே போகாமல் நின்ற அந்தக் கார்தானோ?

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பஸ் முழுக்க பூ மூட்டைகள், ஷிஃப்ட்டுக்குப் போகிற பையன்கள். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். அவள் விரல் பட்ட இடத்தில் அக்கா வீட்டு மஞ்சள் சோப்பு வாசனை இன்னும் இருக்கிற மாதிரி இருந்தது. எங்கள் வீட்டு சோப்பு வேறு.

புதன்கிழமை அக்கா இன்னொன்றும் கேட்டாள். “ஏண்டி, ஜூன்ல எல்.கே.ஜி. சேக்கணுமே. இங்கயே சேத்துரட்டுமா? ஸ்கூல் சிஸ்டர் சீட்டு எடுத்து வெக்கிறேன்னாங்க. இந்த வாரம் சொல்லணுமாம். உம் மனசுல என்ன இருக்குது?”

என் மனசில்? ஆபீஸ் நேர ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு மாற்றிக் கேட்கலாம். மேலதிகாரி கேட்டதுமே தர மாட்டார், சூப்பர்வைசர் பதவியும் போய்விடும். கிடைத்தால், காலையில் நானே தலை வாரி ஓசூர்ப் பள்ளியில் விடலாம். ஆனால் கோழியும், பெரியம்மாவும், அக்கா பிள்ளைகளும் நிறைந்த வீட்டிலிருந்து அவளைப் பிடுங்கி, நாங்கள் இருவரும் களைத்துப்போய்த் திரும்புகிற இரண்டு ரூமுக்குக் கொண்டு வருவது அவளுக்காகவா? இதுவும் எனக்காகத்தானா? அக்காவிடமும் “யோசிச்சு சொல்றேன்” என்றே சொன்னேன். மஞ்சு கேட்டதும் அக்கா கேட்டதும் ஒரே கேள்வி என்பது, பஸ் ஓசூர் வந்த பிறகுதான் உறைத்தது.

முடிவு எடுக்காமல் இருந்தால் எதுவும் ஆகாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆகிறது. அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தேய்ந்துகொண்டேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் மஞ்சு பொறுப்பார். அக்காவும். அதற்குள் எனக்கு எழுதுங்கள். கார் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: தினமும் ஓடும் வண்டிக்கு, அலுங்காமல் ஓடி இரண்டே வருஷத்தில் போகிற சக்கரமா, உதறி உதறி எட்டு வருஷம் உழைக்கிற சக்கரமா? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: மூன்றரை வயதுக் குழந்தை அழாமல் கை காட்டினால், அவள் அங்கே நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தமா, நான் இல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டாள் என்று அர்த்தமா?

எந்த யோசனையானாலும் சரி. ‘இப்போதைக்கு’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள் — அப்படியே ஓட்டித்தான் சக்கரம் நீலமாகிவிட்டது.