பெர்த்தாவின் மூன்றாவது நோம்பு

ஈஸ்டர் வரை மத்தியானச் சோறு இல்லை என்று பெர்த்தா நோம்பு பிடித்தது இது மூன்றாவது வருடம். பாறசாலைச் சந்தையில் அவளோடு மீன் விற்கும் பெண்கள் அவளுடைய பக்தியை மெச்சினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்! பன்னிரண்டு கிலோ குறைத்துவிட்டு வந்தால்தான் மூட்டு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் இல்லையென்றால் சந்தையில் நிற்க முடியாது. சந்தையும் கைவிட்டுப் போனால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? மெலிவதற்குப் பட்டினி கிடக்கிறாள் என்றால் சிரிப்பார்கள். நோம்பு என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஈஸ்டருக்குள் ஆறு கிலோ போகும். மழை தொடங்குமுன் எட்டாகத் திரும்பி வரும். இந்த வருடம் அதுவரைகூடப் பொறுக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் வாசலுக்கு முதுகு காட்டி நின்றுகொள்வாள். மகள் லிஷா பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த பழம்பொரி, சிப்ஸ், மிச்சமிருந்த குளிர்ந்த சோறு, எது கைக்குக் கிடைத்தாலும் சரி. ருசியெல்லாம் தெரியாது. நின்றுகொண்டு தின்பது சாப்பாட்டில் சேராது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம். தின்று முடித்ததும் தன்மேலேயே அருவருப்பு வரும். நாளைக்குக் காலைப் பலகாரத்தையும் விட்டுவிட வேண்டும் என்று நினைப்பாள். அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள்.

"நோம்பு முறிச்சேன் அச்சா. களவா தின்னேன்."

"எத்தன தடவ?" என்றார் அச்சன்.

"எண்ணல்ல. நெறய உண்டு."

"செரி. பரிகாரமா வாற வெள்ளிக்கிழம முழுப் பட்டினி இருங்க."

வெள்ளிக்கிழமை பட்டினி என்றால் சனிக்கிழமை என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அச்சன் சொன்னதற்கு அவள் மறுபேச்சு பேசியதே இல்லை. அன்று பேசிவிட்டாள்.

"அது மட்டும் தராண்டாம் அச்சா. பட்டினி கெடந்தாக்கும் நான் கள்ளி ஆனது."

"பின்ன என்ன தரட்டு?"

"இருந்து திங்கச் சொல்லுங்க. ஆளுக காண."

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் புருஷன் வாலண்டைனுக்குப் பரிமாறியவள், தனக்கும் தட்டு வைத்து எதிரே உட்கார்ந்தாள். லிஷா கரண்டியும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடி, நோம்ப விட்டியா?" என்றார் வாலண்டைன்.

"இல்ல. இதாக்கும் நோம்பு."

முதல் வாய்ச் சோறு இறங்க வெகுநேரம் ஆயிற்று.