நின்ற பேருந்தும் ஒரு வெட்டும்

அந்த வெட்டு தவறு என்று நான் சொன்னது நியாயத்தின் பொருட்டா, பொறாமையினாலா?

செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இயங்கிய கணினி மையத்தில் வீடியோ எடிட்டிங் கற்கச் சேர்ந்தபோது, எனக்கும் என் கல்லூரித் தோழிக்கும் சேர்த்து ஒரே கணினியை ஒதுக்கினார்கள். இரண்டு நாற்காலி, ஒரு மவுஸ். முதல் வகுப்பிலேயே அது அவள் கைக்குப் போனது. பிறகு திரும்பவே இல்லை. காட்சிகளை வரிசையாக அடுக்குவது, வேண்டாததை வெட்டுவது, விழுந்த இடைவெளியை இழுத்து மூடுவது என்று அவள் விரல்கள் பழகப் பழக, பக்கத்தில் அமர்ந்து நான் கருகினேன். பயிற்சியாளர் எங்களிடம் வந்தால் அவளிடம் மட்டுமே பேசுவார்.

இத்தனைக்கும் படம் என்னுடையது. புதுப்பட்டினம் நிறுத்தத்தில் மீன்கூடையோடு நிற்கும் பெண்களை ஏற்றாமல் பேருந்துகள் கடந்து போவதை, இரவல் கேமராவில் இரண்டு நாள் காலையில் நின்று எடுத்திருந்தேன். முடிந்ததும் சிடியை மனுவோடு பேருந்துப் பணிமனை மேலாளரிடம் கொடுப்பதாக அந்தப் பெண்களிடம் சொல்லியிருந்தேன்.

அவள் வெட்டி முடித்ததை வகுப்பே கூடி நின்று பார்த்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெண், படிக்கட்டில் நின்று கையை ஆட்டும் நடத்துநர், புழுதி, தரையில் உட்கார்ந்துவிட்ட இன்னொரு பெண். கைதட்டினார்கள். நான் எழுதி வைத்திருந்த நீண்ட விளக்கவுரையில் ஒரு வரிகூட அதில் இல்லை. தேவைப்படவும் இல்லை. அதுதான் அதிகம் சுட்டது.

ஆனால் அந்த நடத்துநர் கையை ஆட்டியது விரட்டுவதற்கல்ல, சீக்கிரம் வரச் சொல்லி. அந்த இரண்டு நாளில் நின்ற ஒரே பேருந்து அவருடையது. கூடையை வாங்கி உள்ளே வைத்தார். அந்தப் பகுதியை அவள் வெட்டியிருந்தாள். வேகமாகப் போன மற்ற பேருந்துகளில் யார் முகமும் பதியவில்லை. மேலாளர் பார்த்தால் அடையாளம் தெரியப்போவது இவர் ஒருவரைத்தான். வேலைக்கு ஆபத்து வந்தால் இவருக்குத்தான் வரும்.

"இது தப்பு. அந்தாளு வண்டிய நிறுத்தினாரு" என்றேன்.

"இன்னாடி, எல்லாரும் கைதட்டினப்புறம் தான் தெரிஞ்சுதா? வயித்தெரிச்சல் உனக்கு. நியாயம் பேசிகினு வந்துட்டா!"

"ஆமா, எரியுதுதான். அதுக்காக அவரு நிறுத்தலன்னு ஆயிடுமா? நான் அங்கதான நின்னு பாத்துகினு இருந்தேன்."

அவள் வெட்டிப் போட்ட பகுதியை ஓட்டிப் பார்த்தாள். பிறகு மவுஸை என் பக்கம் தள்ளினாள்.

"இந்தா, நீயே ஒட்டு."

எனக்கு வரவில்லை. கூடை வாங்கும் காட்சியைச் செருகப்போய், அதற்குப் பின்னால் இருந்ததை அழித்துவிட்டேன். நடுவே கறுப்புத் திரை ஓடியது.

"ஐயோ, தள்ளு அந்தாண்ட!" என்று சிரித்தபடி மவுஸைப் பிடுங்கி, அழிந்ததை மீட்டு, காட்சியை உரிய இடத்தில் பொருத்தினாள். அந்த லாகவத்தின் மீதும் பொறாமைப்பட்டேன்.

பேருந்து நிற்கும் காட்சியோடுதான் சிடி பணிமனைக்குப் போனது. அதன் பிறகு, படம் பிடித்தவர் பார்த்துச் சம்மதிக்காமல் எதையும் வெளியே கொடுப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்துகொண்டோம். மவுஸ் அவளிடமே இருந்தது.